ஒரு சொட்டுத் தண்ணீர் படவிடவில்லை

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். செல்லூரில் குடியிருந்தோம். ஏழாவதோடு படிப்பை விட்ட நான் சாயப்பட்டறையில் வேலை பார்த்தேன். தங்கச்சிக்குப் பூ வைத்து நிச்சயம் செய்ய நாள் குறித்திருந்தார்கள்.

அவள் முகத்தில் மங்கு என்பார்களே, அந்தக் கருந்திட்டு கொஞ்சம் இருந்தது. பியூட்டி பார்லரில் வேலை பழகும் தோழி ஒருத்தி, தோலை உரித்து நிறம் கொடுக்கும் லோஷன் என்று ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்திருந்தாள். வாங்கிப் பார்த்தேன். இங்கிலீஷில் எனக்கு வாசிக்கத் தெரிந்த ஒன்றிரண்டு வார்த்தைகளில் ஒன்று அதில் இருந்தது. பட்டறைக் கேனில் தினமும் பார்க்கிற வார்த்தை: ஆசிட்.

வேண்டாம் என்று கெஞ்சினேன். “நீ மழைக்குப் பயந்து குடை பிடிச்சுக்கிட்டே குளிக்கிற ஆளு. போண்ணே அங்கிட்டு” என்று சிரித்தாள்.

பஞ்சை அதில் நனைத்து நெற்றியில் தடவும்போது அது வழிந்து வலது கண்ணுக்குள் போய்விட்டது. அலறிக்கொண்டு தண்ணீர்க் குடத்துக்கு ஓடினாள். நான் பாய்ந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் பொங்கித் தெறிக்கும், தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும் என்று பட்டறையில் சேர்ந்த அன்றே தலையில் குட்டிச் சொல்லியிருந்தார்கள். எனக்கு ஒழுங்காக மனப்பாடமான பாடம் அது ஒன்றுதான்.

“விடுண்ணே, எரியுதுண்ணே, கழுவிக்கிறேண்ணே!”

“தண்ணி பட்டா பொங்கிரும்டி! கண்ணே போயிரும்!”

பிடித்த பிடியிலேயே ஆட்டோவில் ஏற்றினேன். வைகைப் பாலத்தில் நெரிசல். வழியெல்லாம் அவள் கையை நான் விடவே இல்லை.

கண் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கேட்ட முதல் கேள்வி, “எம்புட்டு நேரம் கழுவுனீங்க?”

“ஒரு சொட்டுத் தண்ணி படவிடலைம்மா” என்றேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவர் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. தங்கச்சியைப் படுக்க வைத்து, இமையை விரித்துப் பிடித்து, கண்ணில் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தார். எதுவும் பொங்கவில்லை. பிறகுதான் டாக்டர் சொன்னார்: இப்படி எதுவும் கண்ணில் விழுந்தால் கசக்கவே கூடாது. அந்த நிமிஷமே நல்ல தண்ணீரை விட்டுக் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு, அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

பார்வை பிழைத்தது. ஆனால் கருவிழியில் ஒரு வெண்புள்ளி தங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது, “என் கவனக்குறைவுதான்” என்று சொல்லிவிட்டாள். மணிக்கட்டில் என் விரல் பதிந்த தடத்தை வளையல்களை இறக்கி மறைத்திருந்தாள்.

இன்றும் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தால் முகம் கழுவச் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது நான்தான். அவள் சாதாரணமாக வாங்கிக்கொள்கிறாள். எனக்குத்தான் அந்தக் கண்ணை நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை.