ஆக்லாந்தில் துபாஷி வேலை

1988 ஆகஸ்ட், திங்கட்கிழமை காலை. ஆக்லாந்தில் இறங்கியதும் என்னைச் சந்தேகப்பட்ட முதல் ஆள் விவசாயத் துறை அதிகாரி. பெட்டியைத் திறந்து மாவடு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். செருப்பைக் கழற்றச் சொல்லி அடியில் மண் ஒட்டியிருக்கிறதா என்று சுரண்டினார். எங்கள் ஊர் மண்ணால் அவர்கள் நாட்டு ஆட்டுக்குச் சீக்கு வந்துவிடுமாம். மாவடு குப்பைத் தொட்டிக்குப் போயிற்று. எரிச்சலாக இருந்தாலும் அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வந்தது. நானும் அதே ரகம்தான். ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் பிஸ்கட் நீட்டினால் வாங்க மாட்டேன்.

திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் அமெரிக்க வரலாறு நடத்துகிறேன். எல்லைப்புறப் பட்டாளங்களைப் பற்றிய கருத்தரங்கில் கட்டுரை படிக்க அழைத்திருந்தார்கள். என் பொருள், அமெரிக்கா விடுதலை பெற்ற புதிதில் அது வைத்திருந்த சிறிய பட்டாளம். ஆற்றோரக் கோட்டைகளில் அதை நிறுத்தி, குடியேறிகள் பூர்வகுடிகளின் நிலத்தைப் பிடுங்காமலும் பூர்வகுடிகள் குடியேறிகளைத் தாக்காமலும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். சமாதானம் பேசப் போர்வையும் பரிசும் கொடுத்த அதே தளபதிதான் பிறகு துப்பாக்கியோடும் வந்தார். அதனால் இரண்டு தரப்பும் அந்தப் பட்டாளத்தை நம்பவில்லை. நடுவில் நின்று மொழிபெயர்த்த துபாஷியை ஒருவருமே நம்பவில்லை. என் கட்டுரை அவனைப் பற்றியது.

விமான நிலையத்திலிருந்து நான் தங்க வேண்டிய த்ரீ கிங்ஸ் பேட்டை பதினைந்து கிலோமீட்டர், டாக்சிக்கு இருபத்திரண்டு டாலர். ஓட்டுநர் பிஜிக்காரர். முன்னோர் தென்னிந்தியாவாம், ஆனால் தமிழில் நாலு வார்த்தைதான் மிச்சம். சுற்றுவழியில் கொண்டுபோகிறாரோ என்று நான் ஒவ்வொரு திருப்பத்திலும் பலகையைப் படித்தபடி வந்தேன். எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். பட்டாளங்களைப் பற்றிப் பேச என்றேன். "எனக்கு அதைப் பற்றி ஒன்றுதான் தெரியும். போன வருஷம் எங்கள் பிஜிப் பட்டாளம் பார்லிமென்டுக்குள் வந்தது, நான் ஊரை விட்டு வந்தேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ரேடியோவைத் திருகினார்.

தங்கியது சிவபாலன் வீட்டில். யாழ்ப்பாணத்துக்காரர், கணக்காளர், சென்னையில் எனக்குத் தெரிந்த ஒருவரின் உறவு. மனைவி மங்கை ஒரு கடையில் வேலை பார்க்கிறாள். அவர்களோடு சிவபாலனின் தம்பி ரவியும் இருந்தான். இருபத்தாறு வயது, வந்து மூன்று மாதம். "வாங்கோ டீச்சர், குளிர் பிடிச்சிடும், உள்ள வாங்கோ" என்று மங்கை என் பெட்டியை வாங்கிக்கொண்டாள். ஹீட்டர், கம்பளி, சுடச்சுட இடியப்பம், சொதி. முன்பின் தெரியாதவளுக்கு இத்தனை உபசாரமா என்று எனக்கு உடனே மனசில் ஒரு முள்.

சாப்பிடும்போது பேச்சு இலங்கைக்குப் போனது. "இப்ப நம்ம மிலிட்டரி அங்க போயிருக்கே, கொஞ்சம் அமைதி வந்திருக்குமே" என்றேன். எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னேன். மூன்று பேரும் தட்டைப் பார்த்தார்கள். ரவி எழுந்து உள்ளே போய்விட்டான். மங்கை, சொதியை ஊற்றிக்கொண்டே, "டீச்சருக்கு வெலிங்டனிலை உங்கடை எம்பசியிலை ஆரையும் தெரியுமோ?" என்று கேட்டாள்.

"ஒருத்தரையும் தெரியாது. ஏன்?"

"சும்மா கேட்டனான்."

சும்மா கேட்கும் முகமா அது! என்னை உளவாளி என்று நினைக்கிறார்கள் என்பது புரிந்தது. சிரிப்பும் வந்தது, வலிக்கவும் செய்தது. மறுநாளும் நான் சமையலறைக்குள் நுழைந்தால் ரவி வெளியேறினான்.

புதன்கிழமை கருத்தரங்கு. மவுண்ட் ஈடன் சாலையில் பஸ் பிடித்து, ஒரு டாலர் இருபது சென்ட் கொடுத்து நகரத்தில் இறங்கி, பூங்கா மேட்டில் ஏறினால் பல்கலைக்கழகம். மழை பெய்தது என்று சொல்வது தவறு. அங்கே மழை நின்றால்தான் சொல்ல வேண்டும். கட்டுரையை நன்றாகவே படித்தேன். சமாதானக் கூட்டங்களில் பூர்வகுடித் தலைவர்கள் மணிக்கணக்கில் அழகாகப் பேசுவார்கள், முக்கியமான குறையை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள், அது அவர்களுடைய தந்திரம் என்று முடித்தேன். கைதட்டினார்கள். கடைசி வரிசையிலிருந்து, அந்த நாட்டுப் பூர்வகுடியான ஒரு மாவோரி ஆசிரியை எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தத் துபாஷிக்குச் சாப்பாடு போட்டது யார்?"

கோட்டையில்தான் சம்பளமும் சாப்பாடும் என்றேன். "அப்படியானால் தந்திரம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். மட்டம் தட்டுகிறார் என்று நினைத்து, தாள்களை அடுக்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினேன்.

அன்று மாலை சிவபாலன் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். ரவியின் விசா இந்த மாதத்தோடு முடிகிறது. அகதி என்று ஏற்றுக்கொள்ளக் கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை நேர்காணல். ஏற்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மொழிபெயர்க்க இருந்தவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். "இஞ்ச இருக்கிற தமிழ்ச் சனம் ஒரு கைப்பிடி, டீச்சர். எல்லாரும் எங்களுக்குச் சொந்தம். சொந்தக்காரர் கூடாதாம். நீங்கள் ஒருக்கா வந்து உதவி செய்வீங்களோ?"

ஓகோ, இதற்குத்தான் இடியப்பமும் ஹீட்டருமா என்று எனக்குள் ஓடியது. ஆனாலும் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமா, வர்றேன்" என்றேன். சிவபாலன் தம்பியைப் பார்த்தார். "உனக்குச் சரியோ?" ரவி சுவரைப் பார்த்து "ஓம்" என்றான்.

வியாழக்கிழமை மங்கை தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

"டீச்சர், ரவி போன வருசக் கடைசியிலை கொஞ்ச நாள் ஆமி காம்பிலை இருந்தவன். என்ன நடந்ததெண்டு எங்களுக்கே சொல்லேல்லை. அதைச் சொன்னால்தான் இஞ்ச இருக்க விடுவினம் எண்டு லோயர் சொல்லிப்போட்டார்."

"யாரோட காம்ப்?"

"உங்கடை."

துருவலைத் தட்டில் கொட்டிவிட்டு அடுத்த மூடியை எடுத்தாள். இந்தியாவின் பெயர் கெடக் கூடாது என்று நான் அவன் சொல்லும் வார்த்தைகளை மழுக்கிவிடுவேனோ என்று பயப்படுகிறாள் என நினைத்தேன். சுருக்கென்றது. ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிக் காட்டுகிறேன் பார் என்று மனசுக்குள் சபதம் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணி. குவீன் ஸ்ட்ரீட்டில் ஒரு உயரமான கட்டடம். சிவபாலன் கீழே நின்றுகொண்டார். அதிகாரி நடுவயதுப் பெண், ஜலதோஷம், மரியாதையான குரல். உள்ளதை உள்ளபடி சொல்வேன், சொந்தமாக எதையும் சேர்க்க மாட்டேன் என்று என்னிடம் வாக்கு வாங்கினார்.

ரவி நன்றாகத்தான் தொடங்கினான். கொழும்பில் கடை எரிந்தது, அப்பா ஊருக்கு வந்து நோயில் படுத்தது, படிப்பு நின்றது, எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னான். நானும் வரிக்கு வரி சொன்னேன். பிறகு ஒரே தாவாக, "அதுக்குப் பிறகு இஞ்ச வந்திட்டன்" என்றான்.

"போன வருடக் கடைசியில் எங்கே இருந்தீர்கள்?"

"வீட்டிலைதான்."

"உங்களுக்கு ஏதாவது நடந்ததா?"

"ஒண்டும் நடக்கேல்லை."

ஒன்றும் நடக்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி வேறு விதமாகத் திரும்பவும் கேட்டார். ரவி என் புடவைத் தலைப்பைப் பார்த்தான், திரும்பவும் ஒன்றுமில்லை என்றான். அவர் எழுதி முடித்துப் பேனாவை மூடப் போனார். அட பாவி, வாயைத் திறடா என்று கத்த வேண்டும்போல இருந்தது. சொல்லக் கூடாது, வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவனோ அழகாகப் பேசி, முக்கியமானதை மட்டும் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் அந்த மாவோரி ஆசிரியை கேட்டது எனக்கு உறைத்தது. நடுவில் நிற்பவள் யாருடைய ஆள் என்று பார்த்துத்தானே ஒருவன் வாய் திறப்பான்? நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"அம்மா, இது நானாகச் சொல்வது. நான் இந்தியப் பிரஜை. இந்தக் கேள்வியை நான் இல்லாத அறையில் அவரிடம் கேளுங்கள்" என்றேன். சொன்னதை ரவிக்கும் தமிழில் சொன்னேன். அவன் தலையைத் தூக்கவில்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அவர் உங்களைக் கேட்கச் சொன்னாரா?"

"இல்லை."

"வாக்குக் கொடுத்தீர்களே."

"அதனால்தான் எழுந்திருக்கிறேன்."

அவருக்கும் என்மேல் சந்தேகம், நியாயம்தான். ஆனாலும் தொலைபேசியை எடுத்தார். கிளென்ஃபீல்டில் ஒரு மலேசியத் தமிழ் நர்ஸ் இருக்கிறாராம், பாலத்தைத் தாண்டி வர ஒரு மணி நேரமாகும் என்றார்.

கீழே சிவபாலனிடம் சொன்னதும் அவர் முகம் கறுத்துவிட்டது. "என்ன டீச்சர் செய்துபோட்டீங்கள்? உங்களை நம்பித்தானே கூட்டிக்கொண்டு வந்தனாங்கள். இந்தியாவுக்குக் கெட்ட பேர் வரும் எண்டுதானே எழும்பினீங்கள்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வரட்டும்னுதான் எழுந்தேன்" என்றேன்.

அவருக்கு அது உடனே விளங்கவில்லை. இரண்டு பேரும் தெருமுனை தேநீர்க் கடையில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் வந்து மேலே போனாள். விளக்குப் போட்ட பிறகுதான் ரவி இறங்கி வந்தான். கண் சிவந்திருந்தது. "சொல்லிப்போட்டன்" என்று அண்ணனிடம் மட்டும் சொன்னான். என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை, இன்றுவரை எனக்குத் தெரியவும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை விமானம். சிவபாலன் காரை நிறுத்தப் போனபோது ரவி என் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். போகிற நேரத்திலாவது கேட்டுவிட வேண்டும் என்று, "என்னை அவ்வளவு சந்தேகப்பட்டியாப்பா?" என்றேன்.

"முதல் நாள் ஓம். பிறகு இல்லை."

"அப்புறம் ஏன் வாயே திறக்கல?"

"நீங்கள் எங்கடை வீட்டிலை சாப்பிடுற ஆள், டீச்சர். வந்த விருந்தாளிக்கு முன்னாலை அவையின்ரை நாட்டு ஆக்களைப் பற்றி எப்பிடிக் கதைக்கிறது? நான் சொல்லச் சொல்ல நீங்களெல்லோ அதை வாயாலை சொல்லோணும். பிறகு எந்த முகத்தோடை உங்கடை ஊருக்குத் திரும்பிப் போவியள்?"

திருப்பி அனுப்பப்பட இருந்தவன் அவன். அவன் நான் ஊர் திரும்புவதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் பெட்டியைத் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தான்.

பொங்கலுக்கு மங்கையின் கடிதம் வந்தது. ரவியை இருக்க விட்டார்கள், மரக்கடை ஒன்றில் வேலை. கல்லூரியில் எல்லோரும் நியூசிலாந்து எப்படி இருந்தது என்று கேட்டார்கள். குளிர் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

அந்த வாரமே திருச்சி ஜங்ஷனில் ஒரு பட்டாள ரயில் நின்றது. தெற்கே இலங்கைக்குப் போகிறதா, அங்கிருந்து திரும்பி வருகிறதா, தெரியவில்லை. ஜன்னல் வழியாக மீசை அரும்பிய ஒரு சிப்பாய் காலி பாட்டிலை நீட்டி இந்தியில் ஏதோ சொன்னான். தண்ணீர் என்று புரிந்தது. குழாயில் பிடித்துக் கொடுத்தேன். அவன் மடமடவென்று குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். அங்கே என்னப்பா செய்தீர்கள் என்று அவனைக் கேட்க வேண்டும்போல இருந்தது. எனக்கு இந்தி தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது. யாராவது துபாஷி கிடைப்பாரா என்று பிளாட்பாரத்தில் சுற்றுமுற்றும் பார்த்தேன். ரயில் கிளம்பிவிட்டது.