ஒரு வாளி நல்ல தண்ணீர்

மழை பொய்த்த அந்த வருஷம், பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குவாரியில் ஊறிய உப்புத் தண்ணீரை இறைத்து எங்கள் வாய்க்காலில் விட்டார்கள். வேறு வழியில்லாமல் மிளகாய்க்கு அதையே பாய்ச்சினோம். மடை திறக்க வரும் குவாரி மேஸ்திரியை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. தேய்த்த காக்கிச் சட்டை, நரைத்த மீசை, யாரையும் நேராகப் பார்க்காத கண்கள்.

“லேசா கரிக்கும், அவ்வளவுதான். மிளகாய்க்கு ஒண்ணும் செய்யாது வேய்” என்பார். ஆனால் போகும்போது எங்கள் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு வாளி நல்ல தண்ணீர் கேட்டு வாங்கி, குவாரிச் சேறு பட்ட தன் சைக்கிளைக் கம்பி கம்பியாகக் கழுவுவார்.

தை பிறந்ததும் செடிகளில் இலை ஓரமெல்லாம் தீய்ந்தது. என் மனைவி வயலில் நின்று அழுதாள். எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது. அன்று அவர் தண்ணீர் கேட்டதும், வாய்க்காலில் மொண்ட வாளியை அவர் முன்னால் வைத்தேன்.

விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“இதுல கழுவினா துருப்பிடிச்சிரும்லா?”

“மிளகாய்க்கு ஒண்ணும் செய்யாதுன்னியளே அண்ணாச்சி.”

“மிளகாய் உம்மது. சைக்கிள் என்னோடதுல்லா” என்றார், முதல் முறையாக என்னை நேராகப் பார்த்து.

கழுவாமலே உருட்டிக்கொண்டு போனார். அன்றைக்கும் ஒரு பொய் சொல்லியிருந்தால் அவரை எப்போதோ மறந்திருப்பேன்.