பலசாலி அறுத்துவைத்த சுவர்

வார இதழில் பிழை திருத்துகிற அந்த அம்மாவுக்கு அலுவலகத்தில் ‘ஏழாம் பக்கம்’ என்று பெயர். காமிக்ஸ் மதிப்புரையும் அவள்தான் எழுதுவாள். கதையில் யார் யாரை ஏமாற்றினாலும் ஏழெட்டுப் பக்கத்துக்குள் பிடித்துவிடுவாள். குட்டை உடைக்காமல், பிடித்த பக்கத்தின் எண்ணை மட்டும் கடைசியில் போடுவாள். அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரி! வீட்டில் எட்டு மாதமாகக் கோட்டை விட்டிருக்கிறாள், அதைச் சொல்லுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை பழைய இதழ் ஒன்றைச் சரிபார்க்க நூலகத்துக்குப் போனாள். செய்தித்தாள் மேசையில் ஒருவர் தலை கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவள் வீட்டுக்காரர்! கழுத்தில் கம்பெனி அட்டை, மடியில் காலையில் அவள் கட்டிக்கொடுத்த டப்பா.

“தினம் வருவாரும்மா, பாவம். வேலை போய் எட்டு மாசமாச்சாம்,” என்றார் நூலகர், இவள் யாரென்று தெரியாமல்.

அப்படியானால் மாதாமாதம் சம்பளமென்று அவர் தந்தது சேமிப்புதான். அவள் எழுப்பவில்லை. திரும்பி வந்து பிழை திருத்தினாள். கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி மனசு மரத்துக் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து மதிப்புரைக்கு வந்த கதையைப் பாருங்கள். ஐந்து வீரர்கள் கொண்ட குழு. அதில் பலசாலிக்குப் பலம் போய்விட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை. இடிக்க வேண்டிய சுவரை முன்கூட்டியே ரம்பத்தால் அறுத்துவைத்து, சண்டையில் ஒரே குத்தில் சாய்க்கிறான். வில்லன் மிரண்டுபோய்ச் சரணடைகிறான். மற்ற நால்வரும் கைதட்டுகிறார்கள்.

“ஏமாற்று அபாரம்,” என்று எழுதினாள். “ஆனால் கூடவே இருக்கிற நாலு பேரில் ஒருவர்கூட அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.” பக்க எண் போடக் கை வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மாலை ஆறேகாலுக்கு அவர் வந்தார். “ஆபீஸ்ல இன்னிக்கு உயிரை வாங்கிட்டாங்க,” என்றார். அடேயப்பா, என்ன நடிப்பு! வழக்கம்போல அவள் எழுதியதை எடுத்துப் படித்தார்.

“நம்பரைக் காணோமே. எப்பக் கண்டுபிடிச்ச?”

“போன செவ்வாய்க்கிழமை. லைப்ரரில.”

அவர் தாளை மேசையில் வைத்தார். கழுத்து அட்டையைக் கழற்றப் போனார், நாடா காதில் மாட்டிக்கொண்டது. எழுந்து உதவ அவளுக்குத் தோன்றவில்லை.

“தெரிஞ்சும் ஒரு வாரமா டப்பா கட்டிக் குடுத்தியா?”

“ம்.”

ஒருவழியாக அட்டையைக் கழற்றி டப்பாவின் மேல் வைத்தார்.

“அப்ப, நாளைக்குக் காலைல நான் எங்க போறது?” என்றார்.