நாலு வருஷப் பத்தியம்

செங்கொடிக்கு வயிற்றுப்புண் என்று எங்கள் தைலம் கம்பெனிப் பெண்கள் அத்தனை பேரும் நாலு வருஷம் நம்பினோம். நான் கொஞ்சம் கூடுதலாகவே நம்பினேன். ராயபுரத்தில் எங்கள் சர்ச்சில் அவள் வயிற்றுக்காக இரண்டு முறை ஜெபக் குறிப்பு எழுதிப் பெட்டியில் போட்டிருக்கிறேன். பாஸ்டர், "சகோதரி தேவகிருபையின் தோழிக்காக" என்று சொல்லி சபையையே எழுந்து நிற்க வைத்து ஜெபித்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவளுக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கும்.

அவள் திருவொற்றியூரில் எங்களோடு வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூற்றெட்டில். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி வீடு. வீட்டுக்காரர் அன்பரசன் ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர். லேபிள் ஒட்டும் வரிசையில் அவளுக்கு என் பக்கத்து ஸ்டூல். கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம். சூப்பர்வைசர் பேசுவது போல அவள் பேசிக் காட்டினால் சிரித்துச் சிரித்து எங்களுக்கு லேபிள் கோணலாகிவிடும். சாப்பாட்டு மணி அடித்தால் மட்டும் ஆள் மாறிவிடுவாள்.

எங்கள் சாப்பாட்டுக்கு ஒரு முறை உண்டு. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் போட்டு வட்டமாக உட்காருவோம். அவரவர் டப்பா மூடியில் வீட்டுக் குழம்பையோ பொரியலையோ ஒரு கரண்டி வைத்து நடுவே தள்ள வேண்டும். எந்த மூடியிலிருந்தும் யாரும் எடுக்கலாம். மூடி வைக்காதவள் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். என் மூடியில் பெரும்பாலும் காசிமேட்டு நெத்திலி. வண்ணாரப்பேட்டை உமைமாவின் மூடியில் தால்சா. லைன் லீடர் ஆவுடையம்மாள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவம். அவள் மூடி மட்டும் மீனுக்கு எட்டாமல் ஓரமாக இருக்கும். ஆனால் அவளுடைய புளிக்குழம்புக்குத்தான் அடிதடி நடக்கும்.

செங்கொடி இந்த வட்டத்துக்கே வரமாட்டாள். தண்ணீர் டிரம் பக்கம் போய் முதுகைக் காட்டி உட்காருவாள். "எனுக்கு வயித்துப்புண்ணு யக்கா. பத்தியம். காரம் பட்டா அவ்ளோதான்" என்பாள்.

ஆவுடையம்மாளுக்கு இது பொறுக்கவில்லை. ஒரு தூக்கில் மோர் கொண்டுவர ஆரம்பித்தாள். "ஏட்டி, வயித்துப்புண்ணுக்கு மோர விட்டா வேற மருந்து கெடையாது, குடி" என்று பக்கத்தில் நின்று ஒரு டம்ளர் குடிக்க வைத்துவிட்டுத்தான் தான் உட்காருவாள். நாலு வருஷமும் இதே கதை. லீவு போட்டால்கூட என்னிடம் தூக்கைக் கொடுத்தனுப்புவாள்.

அந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று வாசனையே காட்டிக்கொடுத்திருக்காதா என்று கேட்பீர்கள். தைலம் கம்பெனியில் மூக்கு என்பது முகத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று வைத்துக்கொள்வது. ஷெட் முழுக்கக் கற்பூரமும் யூகலிப்டஸும்தான். மின்சார ரயிலில் நாங்கள் ஏறினால் பக்கத்து சீட் தானாகக் காலியாகும்.

இரண்டாயிரத்து இரண்டில் ஆயுத பூஜைக்கு முதலாளிக்கு என்ன தோன்றியதோ, வழக்கமான பிளாஸ்டிக் குடத்துக்குப் பதிலாக ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார். பதினாறு பேருக்கும் அச்சில் வார்த்தது போல ஒரே டப்பா. பூஜை லீவு முடிந்து வந்த முதல் நாளே பதினாறு பேரும் பெருமையாக அதிலேயே சாப்பாடு கொண்டுவந்தோம். பாத்திரக்கடையில் கொடுத்துப் பெயர் வெட்டி வாங்க ஒருத்திக்கும் பொறுமை இல்லை. எல்லா டப்பாவையும் வாசல் பெஞ்சில் வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போனோம்.

மதியம் மணி அடித்தது. உமைமா தன் டப்பா என்று எடுத்ததை வட்டத்தில் வைத்துத் திறந்தாள். மேல் தட்டில் கறி. கருஞ்சிவப்பாக, மிளகும் பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காயும் ஒட்டிக்கொண்டு, எண்ணெய் பிரிந்து கிடந்தது. தைலத்தையும் மீறி ஒரு மணம் வந்தது பாருங்கள், எனக்கு வாயில் தண்ணீர் ஊறிவிட்டது.

"இது யார்துபா? நான் கத்திரிக்கா இல்ல எடுத்தாந்தேன்?" என்றாள் உமைமா.

தண்ணீர் டிரம் பக்கம் செங்கொடி ஒரு டப்பாவைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அதில் கத்திரிக்காய்.

"இதுவாடி உன் பத்தியம்?" நான்தான் கேட்டேன், சத்தமாகவே கேட்டேன். சபையையே எழுந்து நிற்க வைத்தவள் நான், கேட்காமல் இருப்பேனா?

அவள் இன்னொரு பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். நாலு வருஷம் சொன்னவளுக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் எழுந்து வந்தாள். வட்டத்துக்குள் வந்து நின்றாள்.

"என்னுதுதான். மாட்டுக்கறி. எங்க வூட்டுக்காரர் ஆக்குனது. எனுக்கு வயித்துப்புண்ணும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. முன்னாடி வேல செஞ்ச கம்பெனில இதே மாதிரிதான் டப்பாவத் தொறந்தேன். கூட உக்காந்திருந்தவளுங்க எழுந்து போயி, நான் உக்காந்த எடத்த பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுனாளுங்கோ. அத இன்னொரு வாட்டி பாக்க என்னால ஆவாதுன்னுதான் பொய் சொன்னேன். இப்ப கழுவணும்னா கழுவிக்கோங்க. நான் பாத்துகினே சாப்புடுறேன்."

சொல்லிவிட்டு உமைமாவின் கையிலிருந்து டப்பாவை வாங்கினாள். மூடியைத் திருப்பி, கறியை அள்ளி வைத்து, வட்டத்தின் நடுவே தள்ளினாள். நாலு வருஷத்தில் அவள் வைத்த முதல் மூடி அது.

இரண்டு பேர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார்கள். அதன் பிறகு அவர்கள் எங்களோடு உட்காரவே இல்லை, நாங்களும் கூப்பிடவில்லை. எங்களுக்குக் கால் நீட்ட இடம் கிடைத்தது.

உமைமா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எந்தக் கட கறி?"

"எங்க தெரு பாய் கட."

அவள் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். "யா அல்லா! பஞ்சாட்டம் கீதுடி. எங்க வூட்ல கூட இப்டி வேவாது. அண்ணன் இன்னா போடுறாரு?"

"பப்பாளிக்கா. ஒரே ஒரு துண்டு, தோலோட."

அடுத்த கை என்னுடையது. தின்றபோது, இத்தனை காலம் இதைப் பத்தடி தூரத்தில் வைத்துக்கொண்டு கோட்டை விட்டோமே என்று வயிறு எரிந்தது. அதைவிட, ஒருத்தி எங்களுக்குப் பயந்து நாலு வருஷம் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டிருக்கிறாளே என்று வெட்கமாக இருந்தது. அதை அவளிடமே சொன்னேன்.

அடுத்தது ஆவுடையம்மாள். மோர்த் தூக்கை இறுக்கிப் பிடித்திருந்தாள், முகம் சிவந்து கிடந்தது. எல்லோரும் அவளையே பார்த்தோம்.

"ஏட்டி, நீ என்ன திங்கியோ அது உன் பாடு" என்று ஆரம்பித்தாள். "இவளுக நெத்திலிய நான் தெனமும் பாத்துக்கிட்டுதான இருக்கேன். ஆனா என் மோர நாலு வருசமா வாங்கிக் குடிச்சியே, அதுக்கு என்ன சொல்லுத? காலைல அஞ்சு மணிக்கு எந்திச்சுக் கடஞ்சேனேட்டி!"

அதுவரை நிமிர்ந்து நின்ற செங்கொடிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "மோரு ரொம்ப நல்லாருந்துச்சு யக்கா. அதுக்கோசரம்தான் புண்ணு ஆறவேயில்ல" என்றாள்.

ஆவுடையம்மாள்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் எங்களை யாராலும் நிறுத்த முடியவில்லை.

சிரிப்பு அடங்கியதும் செங்கொடி, "வூட்ல இன்னொரு பொய் கீது" என்றாள். கறி ஆக்குவது எப்போதும் அன்பரசன்தானாம். லீவு நாளில் ஸ்டவ் முன்னால் உட்கார்ந்து பொறுமையாக வேகவைப்பாராம். "ஒன் தோஸ்துங்களுக்கும் குடு" என்று டப்பா நிறைய வைப்பாராம். சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும் முன்பே, "இன்னா சொன்னாங்கோ?" என்று கேட்பாராம். "தேவகிருபை சூப்பர்னு சொன்னா, உமைமா எப்டி ஆக்குறாருன்னு கேட்டா" என்று இவளும் தினுசு தினுசாக அடித்துவிடுவாளாம். மனுஷன் பூரித்துப்போவாராம். எங்கள் பங்குக் கறி முழுவதையும் தின்றது கம்பெனி வாசலில் படுத்திருக்கும் செவலை நாய். அது பளபளவென்று இருப்பது தன் வளர்ப்பால்தான் என்று வாட்ச்மேன் வெள்ளத்துரை ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

அன்று வீட்டுக்குப் போனதும் புருஷனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டாராம். பிளீச்சிங் பவுடர் விஷயம் அவருக்கு அதுவரை தெரியாது. பிறகு, "நாயாவது நல்லா துன்னுச்சா?" என்று கேட்டாராம்.

"எலும்பு கூட மிச்சம் வெக்கல."

"அப்ப சரி. ஞாயித்துக்கெழம எல்லாரையும் வூட்டாண்ட கூட்டியா."

பதின்மூன்று பேர் போனோம். பஸ்ஸில் ஆவுடையம்மாள், "நான் வெளிய எங்கயும் கை நனைக்க மாட்டேன், இவளுக்காக வாரேன்" என்று மூன்று முறை சொன்னாள். மடியில் பெரிய தூக்கு நிறைய மோர். அங்கே போனால், அவளுக்கென்று புதுக் குண்டான், புதுக் கரண்டி வாங்கி, கறி வீட்டுக்குள் வருவதற்கு முன்பே விடியற்காலையில் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்து, புதுத் துண்டு போட்டு மூடி வைத்திருந்தார் அன்பரசன். குண்டானில் கடைக்காரன் ஒட்டிய சீட்டைக்கூடப் பாதிதான் உரித்திருந்தார். ஆவுடையம்மாள் அந்தச் சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உட்கார்ந்து இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

நாங்கள் வராந்தாவில் பாய் விரித்து, நடுவில் கறிக் குண்டானை வைத்துச் சாப்பிட்டோம். அன்பரசன் மட்டும் வெளியே வரவில்லை. மூட்டைக்குக் கீழே வளையாத மனுஷன், சமையல்கட்டுத் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றார். அவர் மெதுவாகக் கேட்பதாக நினைத்துக் கேட்டது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

"மே செங்கொடி... இன்னா சொல்றாங்கோ?"

நாலு வருஷம் இந்தக் கேள்விக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னவள், அன்று எழுந்தாள். போய்த் திரையைச் சரக்கென்று ஒதுக்கினாள்.

"நீயே வந்து கேட்டுக்கோய்யா!"

கையில் கரண்டியோடு வந்து நின்றார். எல்லோர் வாயிலும் சாப்பாடு. உமைமா தட்டை நீட்டி, "அண்ணே, இன்னும் ரெண்டு துண்டு" என்றாள். அவள் தட்டை இடித்துக்கொண்டு என் தட்டு நீண்டது, பின்னாலேயே மற்ற தட்டுகள். அவர் ஒவ்வொரு தட்டாகப் பார்த்துப் பார்த்துப் போட்டார். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டே போட்டார். செங்கொடி எங்களுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து, புருஷனிடம் தன் தட்டையும் நீட்டினாள். குண்டான் காலியாயிற்று. அன்றைக்கு நாய்க்கு ஓர் எலும்பு கூட மிஞ்சவில்லை.