கொக்கி பட்ட கண்ணாடிக் கூரை

சாந்தன்பாறையில் மிக்கேல் வீடு எது என்று கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். கொக்கி மிக்கேல் என்று கேளுங்கள், நேரே எங்கள் வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். என் புருஷன்தான். ஏலக்காய் ஸ்டோரில் முப்பத்தோரு வருஷமாக மூட்டை ஏற்றுகிறார். காயை உலர்த்தி, தரம் பிரித்து, சாக்கில் கட்டி வைக்கும் இடத்துக்கு எங்கள் மலையில் ஸ்டோர் என்று பெயர். மூட்டையைக் குத்தி இழுக்க ஒரு இரும்புக் கொக்கி வைத்திருப்பார். சாப்பிடும்போது மட்டும்தான் அது கையை விட்டு இறங்கும்.

அவரைப் பற்றி நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டோர் வாசலில் சாயங்காலம் எல்லாரையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ஏலக்காய் விலை அப்படி. என் புருஷன் வந்தால் வாட்ச்மேன் நாற்காலியை விட்டே எழுந்திருக்கமாட்டான். ஆனாலும் இவர் நின்று, சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டிவிட்டுத்தான் வருவார்.

"உங்களைத்தான் யாரும் கேக்கலையே, எதுக்கு இந்தக் கூத்து?" என்று நான் கத்துவேன்.

"கேக்காததுனாலதான் காட்டணும் ரோசி" என்பார்.

இப்படிப்பட்ட மனுஷனோடு குடித்தனம் நடத்துவது லேசு என்று நினைக்காதீர்கள். ஒரு சின்னப் பொய்க்குக்கூட ஒத்தாசைக்கு வரமாட்டார். வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னால், உள்ளே இருந்து இருமுவார்.

அவருக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. ஜீப்பில் மூட்டை ஏற்றி முடித்ததும் தகரக் கூரையில் இரண்டு தட்டு தட்டுவார். போகலாம் என்று அர்த்தம். டிரைவர் திரும்பிப் பார்ப்பதில்லை, அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் கியர் போடுவான். வருஷக்கணக்காகத் தட்டித் தட்டி, கதவு சாத்தும் சத்தம் கேட்டாலே இவர் கை தானாக எழும்பும். என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டால் பஸ்ஸைத் தட்டுவார். எங்கள் மகள் ஷீனாவின் கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண் போன காரையும் தட்டித்தான் அனுப்பினார். வீடியோவில் இருக்கிறது, பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை.

ஷீனாவைக் கட்டியவர் ஜோஜோ. சுற்றுலா வருகிறவர்களுக்கு டாக்சி ஓட்டுகிறார். போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் லோன் போட்டு ஒரு எலெக்ட்ரிக் கார் எடுத்தார். கூரை முழுக்கக் கண்ணாடி. சாய்ந்து உட்கார்ந்தால் சில்வர் ஓக் மரமும் மேகமும் தலைக்கு மேலே ஓடும். அதற்காகவே ஆட்கள் அந்த வண்டியைக் கேட்டுக் கூப்பிட்டார்கள். டீக்கடையில்தான் ஒரே பேச்சு.

"கண்ணாடியப் போட்டு மலையில ஓட்டுததா? பலாக்காய் விழுந்தா என்ன செய்வீரு?"

"விடியக்காலம் பனி, மத்தியானம் தீயா வெயிலு. எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

என் புருஷனின் கூட்டாளி பாண்டித்துரை, ஸ்டோருக்கு ஜீப் ஓட்டுகிறவர், "மாப்ள, பேசாம அதுக்கு ஒரு குடை வாங்கிரும்" என்றார்.

"ஷோரூம்ல சொன்னாங்க அண்ணே, யானை ஏறுனாத்தான் இது உடையும்" என்றார் ஜோஜோ.

"நம்ம ஊர்ல யானைக்கா பஞ்சம்!" என்றார் பாண்டித்துரை. கடையே சிரித்தது.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. ஸ்டோருக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன், எனக்கு முட்டுவலி. டாக்டரிடம் கூட்டிப்போக ஜோஜோ ஸ்டோர் முற்றத்துக்கே காரைக் கொண்டுவந்து, பாண்டித்துரையின் ஜீப்புக்குப் பக்கத்தில் நிறுத்தினார். நிறுத்திவிட்டு யாரோ போனில் கூப்பிட, பேசிக்கொண்டே ரோடு வரைக்கும் போய்விட்டார். என் புருஷன் அப்போதுதான் ஜீப்பில் மூட்டை ஏற்றி முடித்திருந்தார். வந்து என்னைக் கைத்தாங்கலாகப் பின் சீட்டில் உட்காரவைத்தார். கதவைச் சாத்தினார். சாத்தினதும் கை எழும்பியது. டிரைவர் சீட்டில் ஆளே இல்லை, அதையெல்லாம் அந்தக் கை பார்க்குமா? ணங், ணங் என்று என் தலைக்கு மேலே விழுந்தது. கையில் கொக்கி.

அடியாத்தி என்று நிமிர்ந்தேன். கண்ணாடியின் ஓரத்தில், கடுகு அளவுக்கு வெள்ளையாக ஒரு பொட்டு. வெளியே இருந்து அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஜோஜோ வந்து, "போலாமா அத்தை?" என்று ஏறி உட்கார்ந்தார். என் புருஷன் வாயைத் திறந்தார். நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தார். "சொல்லிருதேன் ரோசி. மனசு கேக்க மாட்டேங்கு."

"ஒரு கடுகு! அதுக்குப் போயி பஞ்சாயத்தா? புது வண்டி, மாப்பிள்ளை முகம் எப்படிப் போகும்? அவங்க அம்மா காதுக்குப் போச்சுன்னா அந்த வாய்க்கு யாரு பதில் சொல்லுதது? யானை ஏறினாத்தான் உடையுமாம்லா, சும்மா கெடங்க."

நான் சத்தம் போட்டால் அவர் அடங்கிவிடுவார். அன்றைக்கும் அடங்கினார். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

பத்தொன்பதாவது நாள் மத்தியானம். மூணாறு ரோட்டில், நல்ல வெயிலில், ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கண்ணாடி வெடித்துக் கொட்டியது. கோயமுத்தூர்க்காரர்கள் ஒரு குடும்பம் உள்ளே இருந்திருக்கிறார்கள். தாய் மடியில் மூன்று வயசுப் பெண் குழந்தை. தலைமுடியெல்லாம் கண்ணாடித்தூள், காதோரம் கிழித்து ரத்தம். அதோடு போயிற்று, மாதா காப்பாற்றினாள். இதையெல்லாம் ஜோஜோதான் போனில் சொன்னார்.

"ஐயையோ, எப்படி மாப்பிள்ளை? எப்படி உடைஞ்சுது?" என்று கேட்டேன். இந்த வாய்தான் கேட்டது.

கம்பெனிக்காரர்கள் வெளியிலிருந்து அடி பட்டிருக்கிறது, வாரண்டி கிடையாது என்றார்கள். ஜோஜோ குதித்தார். ஒரு தூசிகூட விழாத வண்டி, கண்ணாடியே மட்டம் என்று வீடியோ போட்டார். டீக்கடையில், நாங்க அப்பவே சொன்னோம்லா என்று ஆளாளுக்குப் பீற்றிக்கொண்டார்கள். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவதாக முடிவானது. அடி எதுவும் படவில்லை என்று எழுதிக்கொடுக்க ஊரில் நாலு பேர் நம்புகிற ஒரு ஆள் வேண்டும். யார் இருக்கிறார்கள்? காகிதத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மாமா, நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

என் புருஷன் என்னைப் பார்த்தார். "போடுங்க, ஒரு அடியும் படல, நானே அதுல போயிருக்கேன்லா, எனக்குத் தெரியாதா?" என்றேன் சத்தமாக. என்னை யார் கேட்டது? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். ஜோஜோவுக்கு எதுவும் தோன்றவில்லை. நம்புகிறவருக்கு எப்படித் தோன்றும்?

என் புருஷன் கையெழுத்துப் போட்டார். பேனாவை வைத்துவிட்டுப் போய்க் கை கழுவினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்க எல்லாரும் எழுந்தபோது அவர் எழவில்லை. மனசில் பாவத்தை வைத்துக்கொண்டு அதை வாங்கக் கூடாது. தலையைக் குனிந்து பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். நான் போனேன். வாய் கூசவில்லையா என்று கேட்பீர்கள். கூசியது. ஆனால் வரிசையில் நின்றாகிவிட்டது, பின்னால் ஜோஜோவின் அம்மா நிற்கிறாள், எப்படித் திரும்புவது? வாங்கினேன். இப்போதும் அதை நினைத்தால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

அடுத்த வாரம் எர்ணாகுளத்திலிருந்து கம்பெனி அனுப்பின ஒரு ஆள் வண்டியைப் பரிசோதிக்க வந்தார். கூரை ஓரத்தில் கொஞ்சம் கண்ணாடி உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் படம் பிடித்துப் பெரிதாக்கிக் காட்டினார். இரும்பு முனை பட்ட தடம். அங்கே பட்டது உடனே தெரியாது, பனியும் வெயிலும் மாறி மாறி அடிக்க ஒருநாள் மொத்தமாகப் போய்விடும் என்று விளக்கிச் சொன்னாராம்.

ஜோஜோவால் அதற்கு மேல் மறுக்க முடியவில்லை. யார் என்று யோசித்திருக்கிறார். ஸ்டோர் முற்றத்தில் பக்கத்தில் நின்ற ஜீப்பும், அதில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியும் நினைவுக்கு வந்திருக்கின்றன.

மறுநாள் மத்தியானம் நான் சோற்றுத் தூக்கோடு ஸ்டோருக்குப் போனபோது, முற்றத்தின் நடுவில் பாண்டித்துரையின் சட்டையை ஜோஜோ பிடித்திருந்தார். வேலையை விட்டுவிட்டுச் சனம் சுற்றி நின்றது.

"பட்டுச்சுன்னா சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா அண்ணே? அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"என் பிள்ளைக மேல சத்தியமா நான் இல்ல மாப்ள!" ஐம்பது வயசு மனுஷன், கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றார்.

என் புருஷன் தோளில் இருந்த மூட்டையை இறக்கினார். "ஜோஜோ, சட்டையை விடும். நான்தான். என் கொக்கிதான் பட்டுச்சு."

ஜோஜோ திரும்பினார். கோபம்கூட இல்லை. "கூட்டாளியக் காப்பாத்தப் பொய் சொல்லாதீங்க மாமா. நீங்கதான் கையெழுத்தே போட்டிருக்கீங்க. பொய்க் கையெழுத்துப் போடுத ஆளா நீங்க?"

"நல்லாச் சொன்னீங்க. மிக்கேலண்ணன் அப்படிச் செய்வாரா?" என்றான் வாட்ச்மேன். எல்லாரும் தலையாட்டினார்கள். முப்பத்தோரு வருஷம் சேர்த்த நல்ல பெயர், அவர் உண்மையைச் சொன்ன அன்றைக்கு அவருக்கே குறுக்கே நின்றது. மறுபடியும் நான்தான் என்றார். ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. அப்போது என்னைப் பார்த்தார். கொக்கி பட்டதைப் பார்த்தவள் நான் மட்டும்தானே.

சும்மா நின்றிருக்கலாம். நின்றிருந்தால் பழி பாண்டித்துரை தலையில் விழுந்து எங்கள் மானம் தப்பியிருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கணத்திலும் எனக்கு அப்படித்தான் யோசனை ஓடியது. என்ன பிறவியோ நான்.

"அவருதான் தட்டினாரு மாப்பிள்ளை" என்றேன். "நான் உள்ள இருந்து பார்த்தேன். சொல்லப் போனவரத் தடுத்தது நான். கையெழுத்துப் போடச் சொன்னதும் நான்."

ஜோஜோ பாண்டித்துரையின் சட்டையை விட்டார். கசங்கின காலரை அவரே இழுத்துச் சரிசெய்து, "மன்னிச்சிருங்க அண்ணே" என்றார். பிறகு என்னிடம் வந்தார். திட்டட்டும், அடித்தாலும் சரி என்று நின்றேன். காகிதம், கோர்ட்டு, அவர் அம்மாவின் வாய், எல்லாவற்றுக்கும் மனசில் ஒரு பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

அவர் மெதுவாகத்தான் கேட்டார். "அத்தை, ஷீனாவுக்கு ஏழு மாசம். அந்தப் பத்தொன்பது நாளைக்குள்ள ரெண்டு தடவை அவளை அந்த வண்டியிலதான் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போனேன். நீங்க உக்காந்த அதே சீட்டுல. அப்பக்கூட உங்களுக்குச் சொல்லத் தோணலையா?"

மாப்பிள்ளை முகத்தை நினைத்தேன், சம்பந்தி வாயை நினைத்தேன், ஊரை நினைத்தேன். நான் பெற்ற மகளின் தலைக்கு மேலே அந்தக் கண்ணாடி இருந்தது என்று ஒரு தடவைகூட நான் நினைக்கவில்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வேன்? ஜோஜோ பதிலுக்காக என் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.