லீவு சொல்லிவிட்டு வக்கீல் தேடினேன்

1. ரோலர்

ரோலர் என் கையை இழுத்தபோது நான் கத்தவே இல்லை என்று லாண்டரியில் பேசிக்கொண்டார்கள். பொய். தொண்டை கிழியக் கத்தினேன். நீராவிச் சத்தத்தில் ஒருவர் காதிலும் விழவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளைக்காரர்கள் இருந்த கண்டோன்மென்டில் பங்களாக்களுக்கும் ஹோட்டல்களுக்கும் துணி வெளுக்கும் ஸ்டீம் லாண்டரி அது. ஈரமான படுக்கை விரிப்புகளைச் சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே விடுவது என் வேலை. விரல் உள்ளே போகாமல் தடுக்க முன்னால் ஓர் இரும்புக் கம்பி இருக்கும். அதைக் கார்டு என்போம். கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் துணி மலையாகக் குவிந்தது. விரிப்பு கார்டில் சிக்கி நேரமாகிறது என்று மானேஜர் இன்னாசி ஐயா ஃபிட்டரை விட்டு அதைக் கழற்றிவிட்டார். அடுத்த வாரமே என் வலது கை உள்ளே போனது.

ஆஸ்பத்திரியில் தோல் வைத்துத் தைத்தார்கள். இரண்டு விரல் இனி மடங்காது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. வீட்டுக்காரர் அந்தோணி நெஞ்சு நோய்க்காரர். இரண்டு பெண் குழந்தைகள். அடுகோடிப் பகுதியில் நாங்கள் இருந்த ஒற்றை அறை வீடு என் கையால்தான் ஓடியது.

கட்டோடு வேலைக்குப் போனேன். இடது கையால் நாப்கின் மடிக்கச் சொன்னார்கள். நஷ்டஈடு பற்றி இன்னாசி ஐயாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"கார்டை நீயா கழட்டிப் போட்டுட்டு கம்பெனிகிட்ட நஷ்டஈடு கேக்குறியா ஞானம்மா? பாவம்னு மடிக்கிற வேலை குடுத்தேன். அதுவும் வேணாமா?"

நாப்கினை மடிக்கத் திரும்பிவிட்டேன். ஃபிட்டர் அதற்குள் கோலார் பக்கம் வேறு வேலைக்குப் போயிருந்தான். வேலைக்காரியே கார்டைக் கழற்றினாள் என்று ஆகிவிட்டால் தம்பிடி கிடையாது. அந்தச் சட்டம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

2. லீவு

"வக்கீலைப் பாரு," என்றார் அந்தோணி. "ஆனா ஐயாகிட்ட சொல்லாம கில்லாம போயிடாத. இருக்கிற வேலையும் போயிடும்."

சரியென்று போய்க் கேட்டேன். "எதுக்கு லீவு?" என்றார் ஐயா. "வக்கீலைப் பாக்கணும் ஐயா." "எந்த வக்கீல்?" பெரிய பங்களா வக்கீலின் பேரைச் சொன்னேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எப்படி இருப்பது? ஞாயிறுதோறும் பூசையில் எங்களுக்கு முன் வரிசையில் முட்டி போடுகிற மனுஷர். "நாளைக்குப் போ," என்றார்.

மறுநாள் அந்த வக்கீலின் குமாஸ்தா வாசலிலேயே நிறுத்தினான். "உங்க கம்பெனிதான் எங்க கட்சிக்காரர். கிளம்பும்மா."

இரண்டாவது வக்கீலுக்கும் லீவு கேட்டேன். பேரைச் சொன்னேன். "நாளைக்குப் போ." அங்கேயும் அதே பதில். ஒரு கட்சியிடம் முன்பணம் வாங்கிய வக்கீல் எதிர்க்கட்சிக்கு நிற்கக் கூடாதாம். என் நேரம் சரியில்லை, கெட்ட காலம் என்று நினைத்தேனே தவிர, என் புத்தி வேறு எங்கேயும் போகவில்லை. ராத்திரி தூக்கமில்லை. கட்டுக்குள் கை விண் விண் என்று தெறிக்கும். வழக்கு போடக் கெடு உண்டு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அந்தப் பேஜாரில் சோறு இறங்கவில்லை.

3. மூன்றாவது வக்கீலின் கேள்வி

மூன்றாவது வக்கீலுக்கும் பேரைச் சொல்லித்தான் லீவு வாங்கினேன். அவருக்கு வயசு குறைவு. உட்காரச் சொன்னார். என் கட்டைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"உன் கேஸை நான் எடுக்க முடியாதும்மா."

"நீங்களும் கம்பெனிக்கா சார்?"

"நேத்து சாயங்காலம்தான் வந்து முன்பணம் குடுத்துட்டுப் போனாங்க." எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "நீ இன்னிக்கு இங்க வர்றது யாருக்குத் தெரியும்?"

"வீட்டுக்காரருக்கு. அப்புறம்..."

"அதுக்கு மேல நான் பேசக் கூடாது. போய்ட்டு வா."

தெருவில் இறங்கி நாலடி நடந்ததும்தான் உறைத்தது. அடிப்பாவி ஞானம்மா! ஒவ்வொரு வக்கீலையும் நீயே கையைப் பிடித்து ஐயாவிடம் கொண்டு விட்டிருக்கிறாயே! கண்டோன்மென்டில் இன்னும் எத்தனை தமிழ் வக்கீல் மிச்சம் இருப்பார்கள்?

4. கோயில் வாசல்

கண்டோன்மென்டுக்கு வெளியே, மைசூர் சமஸ்தானப் பக்கம், ஒக்கலிபுரத்தில் வக்கீல் ராமானுஜம் இருக்கிறார், மைசூர் கோர்ட்டிலும் கண்டோன்மென்ட் கோர்ட்டிலும் வாதாட அவருக்குச் சன்னது, அதாவது சர்க்கார் அனுமதி, உண்டு என்று அந்தோணி விசாரித்து வந்தார். இந்தத் தடவை லீவு கேட்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் போவது என்று முடிவு.

படி இறங்கும்போது பின்னாலிருந்து குரல். "என்ன ஞானம்மா, இவ்ளோ அவசரம்? அடுத்து எந்த வக்கீல்?"

திரும்பினேன். முன்னால் இன்னாசி ஐயா, அவருக்குப் பின்னால் மாதா சொரூபம்.

"வக்கீலே வேணாம்னு விட்டுட்டேன் ஐயா. பிள்ளைக்கு வயித்து வலி. ஓமவாட்டர் வாங்கப் போறேன்."

"இப்பதான் உனக்குப் புத்தி வந்துச்சு," என்று சிரித்தார். தெருமுனை தாண்டும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ராமானுஜம் ஐயா என் கதையை முழுக்கக் கேட்டார். நடுவில் வீட்டுக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டதற்குக் கன்னடத்தில் பதில் சொன்னார். பிறகு என்னிடம் கேட்டார்:

"கழட்டின கார்டு இப்ப எங்கம்மா இருக்கு?"

"ஸ்டோர் ரூம்ல. மானேஜர் ஐயா பூட்டி வெச்சிருக்கார்."

"உன் இடத்துல இப்ப யாராவது வேலை செய்றாங்களா?"

"ரோசின்னு ஒரு பொண்ணு."

"கார்டு போட்டா, போடாமலா?"

"போடாமத்தாங்க."

"இதை ஒருத்தர்கிட்டயும் சொல்லாத. தெரிஞ்சா அன்னிக்கே கார்டை மாட்டிடுவாங்க. உன் வீட்டுச் சுவருக்குக்கூடத் தெரியக் கூடாது," என்றார்.

விசாரணை நாள்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நோட்டீஸ் போனதும் மடிக்கிற வேலையும் போயிற்று. ரோசி தினமும் எங்கள் வீட்டு வழியாகத்தான் வேலை விட்டுப் போவாள். "கார்டு மாட்டிட்டாங்களா?" என்று கேட்க நாக்கு துடிக்கும். அவள் விரல்களை எண்ணிக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

5. விசாரணை

இன்னாசி ஐயா மூன்று வக்கீல்களையும் வரிசையாக உட்கார வைத்திருந்தார். முன்பணம் கொடுத்தாயிற்றே, சும்மா விடுவாரா!

ராமானுஜம் ஐயா இன்னாசி ஐயாவிடம் தமிழிலேயே கேட்டார். துபாஷி அதை நஷ்டஈட்டு வழக்கை விசாரிக்கிற கமிஷனர் துரைக்கு இங்கிலீஷில் சொன்னார்.

"கார்டைக் கழட்டினது யாரு?"

"ஞானம்மாதான்."

"அந்தக் கார்டு எங்க இருக்கு?"

"ஸ்டோர் ரூம்ல."

"சாவி?"

"என்கிட்ட." கை தானாக இடுப்புக்குப் போனது.

"ரோலர் இன்னிக்கு ஓடுதா?"

"ஓடுது."

"கார்டு போட்டா?"

இன்னாசி ஐயா இடுப்புச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஞானம்மா கழட்டினதுன்னா, திருப்பி மாட்ட விடாம உங்களை யாரு தடுத்தது?"

துபாஷி சொல்லி முடித்ததும் கமிஷனர் துரை பேனாவைக் கீழே வைத்தார். முதல் வக்கீல் இரண்டாமவரைப் பார்த்தார். மூன்றாமவர் மேஜையைப் பார்த்தார். மூன்று பேரில் ஒருவர்கூடக் கார்டு எங்கே என்று இன்னாசி ஐயாவிடம் கேட்டதில்லை. அவர்களை எனக்குக் கிடைக்காமல் செய்யத்தான் பிடித்தாரே தவிர, கேஸை அவர்களிடம் சொல்லவே இல்லை.

நஷ்டஈடு என் பேருக்கு ஆயிற்று. மறுநாளே ரோலரில் கார்டு ஏறிவிட்டது என்று ரோசி ஓடி வந்து சொன்னாள். அதுவரை வராத அழுகை அன்றைக்குத்தான் வந்தது. பிறகு இடது கையால் இஸ்திரி பழகி, வேறொரு லாண்டரியில் மேஸ்திரி ஆகும்வரை வேலை செய்தேன்.

இளம்பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வேலையில் அடிபட்டால் வக்கீலைப் பாருங்கள், பயப்படாதீர்கள். மானேஜர் எவ்வளவு பக்திமானாக இருந்தாலும் லீவு கேட்கும்போது வயிற்று வலி என்று மட்டும் சொல்லுங்கள். அந்த ஓமவாட்டர் பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் நான் சாமியாரிடம் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, அடுத்த பாவத்தைச் சொல்லு," என்றார்.