நேசம்மாள் அக்காவின் இரண்டு கயிறுகள்

சுவரில் ஓர் ஆணி. அதில் இரண்டு கயிறுகள்... நேசம்மாள் அக்காவின் வீட்டுக்குள் நான் நுழைந்ததும் முதலில் என் கண்ணில் பட்டவை அவைதான். பிறகுதான் பாயில் கிடந்த அக்காவைப் பார்த்தேன்.

மலைக்காய்ச்சல். நேற்று விடியற்காலையில் போய்விட்டார்.

நம் சபைப் பெண்கள் கைமாற்றிப் படிக்கும் இந்தத் தாளில் நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. நாலாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீரிப்பாறைக்கு மேலே சர்க்கார் தேக்குத் தோட்டத்தில் அக்காவும் நானும் கூலிக்குக் கன்று நட்டோம். எனக்கு அப்போது பத்து வயது. கூடையைத் தலையில் வைத்து ஓடையைக் கடக்கும்போது கால் வழுக்கி... பாதிக் கன்றுகள் வெள்ளத்தோடு போய்விட்டன.

பாரஸ்ட் கார்டுக்குத் தெரிந்தால் மறுநாள் வேலை இல்லை. உட்கார்ந்து அழுதேன்.

"ஏட்டி, ஒப்பாரிய நிறுத்து. குழி காலியாக் கெடந்தாத்தானே அவரு கேப்பாரு?"

காட்டோரத்தில் தானாக முளைத்திருந்த வேங்கை, தான்றி, நெல்லி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அக்கா தோண்டிக்கொண்டு வந்து, ஓடைக்கு அப்பால் இருந்த மூலையில் தேக்குக்கு இடையிடையே நட்டுவிட்டார்.

"கார்டு வந்து பார்த்தா, அக்கா?"

"அவரா? அட்டை கடிக்கும்னு ஓடையத் தாண்டவே மாட்டாரு. நீ சும்மா வா மக்கா."

ஏழு வருடம் அவர் தாண்டவில்லை!

வருடந்தோறும் களை எடுக்கப் போகும்போது அக்கா இரண்டு கயிறு கொண்டுவருவார். தேக்கு மட்டும் நிற்கும் பக்கத்தில் ஒரு தேக்கைச் சுற்றி ஒன்று. எங்கள் மூலையில் ஒரு தேக்கைச் சுற்றி இன்னொன்று. சுற்றளவு வந்த இடத்தில் ஒரு முடிச்சு.

"நம்ம களவாணிக் கூட்டம் எப்படி வளருதுன்னு பாப்பம்" என்பார்.

முதல் நாலு வருடம் முடிச்சுகள் சரிக்குச் சரி. ஐந்தாம் வருடம் எங்கள் மூலைக் கயிறு ஒரு விரல் முந்தியது. இந்த வருடம் நாலு விரல்...

ஒரே பாத்தியில் முளைத்த கன்றுகள். ஒரே மழை.

"இது என்னட்டி அதிசயம்!" என்று அக்கா மரத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

அந்தப் பக்கம் எல்லாத் தேக்கும் ஒரே உயரம். இடைவெளியில் வெயில் நேராகத் தரைக்கு வந்துவிடும். காலடியில் சருகு நொறுங்கும், மழையில் மண் கரைந்து ஓடும்.

எங்கள் மூலையில் உச்சியில் தேக்கு. அதற்குக் கீழே வேங்கையும் தான்றியும். அதற்கும் கீழே நெல்லி. ஒன்று விட்ட வெயிலை இன்னொன்று பிடித்துக்கொள்கிறது... மண்ணில் கால் வைத்தால் புதைகிறது. ஞாயிறு ஆராதனையில் பாடகர் குழுவின் நாலு குரலும் சேர்ந்து பாடும்போது எனக்கு உடம்பு சிலிர்க்குமே, அதுபோல இருந்தது. கழுத்து வலிக்கும்வரை மேலே பார்த்துக்கொண்டு நின்றேன்.

போன மாதம், புது ரேஞ்சர் பார்வையிட வருகிறார் என்று கார்டு ஓடையைத் தாண்டிவிட்டார்.

"யாரு செஞ்ச வேலை இது?"

நான் அக்காவுக்குப் பின்னால் நின்றேன். 

"நாந்தான் ஐயா. இந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது."

அன்றோடு அக்காவுக்கு வேலை போயிற்று. ரேஞ்சர் வருவதற்குள் தேக்கைத் தவிர எல்லாவற்றையும் வெட்ட வேண்டும் என்று உத்தரவு. வருகிற திங்கட்கிழமை கோடாலி ஏறும்.

"அழாத மக்கா. வெட்டுக்கு முன்னாடியே ரேஞ்சர்ட்ட போயி நான் கயித்தக் காட்டுதேன். பாத்தா அவருக்கே தெரியும்" என்றார் அக்கா. மறு வாரமே காய்ச்சல்...

இன்று அடக்கம். கார்டும் வந்திருந்தார். குடையை மடக்கிக்கொண்டு வாசலில் தனியாக நின்றார். இந்த ஏழு வருடத்தில் அவர் முகத்தைப் பார்த்து நான் பேசியதே இல்லை.

போய் வாருங்கள், அக்கா.

ஆணியிலிருந்து இரண்டு கயிறுகளையும் எடுத்தேன். வாசலுக்குப் போய், "ஐயா, ஏழு வருசத்துக்கு முன்ன தேக்குக் கன்னுகள ஓடையில தொலைச்சது நாந்தான். ரெண்டு பக்கத்துத் தேக்கையும் அக்கா வருசா வருசம் அளந்த கயிறு இது. இதப் பாத்துட்டு வெட்டுங்க" என்று அவர் கையில் கொடுத்தேன்.